யாருக்கு, எப்போது, எந்தப் புத்தகம்?

மழை பொய்த்த ஆண்டில் ஊர் கூடி விராட பருவம் படிக்க வைப்பது தமிழ்க் கிராமங்களில் பழைய வழக்கம். வீட்டில் தீராத கஷ்டம் என்றால் சுந்தர காண்டம் பாராயணம் செய்யச் சொல்வார்கள். வட மாவட்டங்களில் கருமாதி இரவன்று கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதம் சொல்லி, இரவில் அதையே கூத்தாக ஆடிக் காட்டுவார்கள். படித்தால் மழை வருமா, கஷ்டம் தீருமா என்பது வேறு விவாதம். இந்த வழக்கங்களுக்குள் இருக்கும் ஓர் ஏற்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற கதையை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குக் கர்ணன் கதை ஏன் வேண்டும் என்பது எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. அச்சுப் புத்தகமும் அரசு நூலகமும் ஊருக்குள் வந்தபோது இந்த அறிவு அவற்றுக்குள் போய்ச் சேரவில்லை. 'கிராமத்தில் யாரும் படிப்பதில்லை' என்று இன்று நாம் சொல்லும் குறையின் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் வாதம்.

புதுச்சேரி மாநிலம் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய குருவிநத்தத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. வேலைக்கும் கல்லூரிக்கும் ஒரு பக்கம் கடலூர், இன்னொரு பக்கம் புதுச்சேரி. புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறை கிராமப்புறங்களில் கிளை நூலகங்களை நடத்திவருகிறது. தலைநகரில் 1827-இல் தொடங்கப்பட்டு இன்று ரொமேன் ரோலன் பெயரைத் தாங்கி நிற்கும் பொது நூலகம் இந்தியாவின் பழைய நூலகங்களில் ஒன்று. ஆக, புத்தகத்துக்குப் பஞ்சமான மாநிலம் இல்லை இது. ஆனால் எந்தக் கிளை நூலகத்துக்குப் போனாலும் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். பொது நூலகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் டூயி தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. கதை என்றால் கடைசியில் ஒரு 3 சேரும். புதுமைப்பித்தனுக்கும் அந்த எண்தான், ராஜேஷ்குமாருக்கும் அந்த எண்தான். சிரிக்க வைக்கும் தேவனின் நாவலும், படித்தபின் இரண்டு நாள் தூங்க விடாத இமையத்தின் நாவலும் ஒரே எண்ணைத் தாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்த எண் அது எந்த மொழி, எந்த வகை என்று சொல்லும். யாருக்குப் பிடிக்கும், எந்த மனநிலையில் இருப்பவர் எடுக்கலாம், எத்தனை நாளில் முடிக்கலாம் என்று சொல்லாது. ஏற்கெனவே தேடத் தெரிந்தவருக்கு அது போதும். எட்டாம் வகுப்போடு நின்று, இருபது வருடம் கழித்து முதன்முறையாக ஒரு கதைப் புத்தகம் எடுக்க வந்திருக்கும் பெண்ணுக்கு அந்த அலமாரி ஒரு சுவர்தான்.

இதை நூலகத் துறை அறியாமல் இல்லை. சொல்லப்போனால் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவரே நம் பக்கத்துக்காரர். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆன எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேலை யாருடையது என்பது தெளிவாகும். பொருத்தமான நூலைக் கண்டுபிடிப்பது வாசகரின் சாமர்த்தியமாக இருக்கக் கூடாது, அது நூலகத்தின் கடமை. அதே 1931-இல் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார். ஊருக்குள் வரும் வண்டியில் ஓரளவு புத்தகங்களைத்தான் ஏற்ற முடியும். எதை ஏற்றுவது என்று யோசிக்க வேண்டுமென்றால் அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டடம் கட்டி, ரேக் போட்டு, ஆண்டுதோறும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போன பிறகு அந்தக் கேள்வி தேவையற்றதாகிவிட்டது. எத்தனை நூல் இருக்கிறது என்ற கணக்கு எல்லா அறிக்கையிலும் இருக்கும். எத்தனை பேருக்கு அவர்களுக்கான நூல் கிடைத்தது என்பதற்கு எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

பொருத்தம் என்று நான் சொல்வதை ஊரோடு ஒட்டியே விளக்கிவிடலாம். குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி ஒருவருக்கு சா. கந்தசாமியின் 'சாயாவனம்' கொடுத்துப் பாருங்கள். கரும்பாலை அமைப்பதற்காக ஒரு காட்டையே அழிக்கும் கதை, 1969-இல் வந்தது. வனத்தை வெட்டும் வேலையும் எரிக்கும் வேலையும் அதில் பக்கம் பக்கமாக வரும். நகரத்து வாசகர் சலிப்போடு புரட்டும் அந்தப் பக்கங்களைத்தான் மண்வேலை தெரிந்தவர் நின்று படிப்பார். மகன்களோடு மனஸ்தாபப்பட்டு ஒதுங்கியிருக்கும் பெரியவருக்குத் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் அந்தப் பேச்சும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அதே காரணத்தால் மனம் உடைந்துபோயிருக்கும் நேரத்தில் அந்த நாவலைக் கொடுப்பது சரியா என்றும் யோசிக்க வேண்டும். சிலருக்குத் தன் கதையைத் தானே படிப்பது ஆறுதல், சிலருக்கு அது புண்ணைக் கிளறுவது. ஆளைத் தெரிந்தவர்தான் இதை முடிவு செய்ய முடியும். வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யைப்போல நெருக்கமான நாவல் அதிகம் இல்லை. ஏமாற்றிக் கட்டிவைக்கப்பட்ட ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் வாழ்க்கை, விருத்தாசலம் பக்கத்துப் பேச்சிலேயே ஓடும். ஆனால் முழு நாவல் படிக்க அவர்களுக்கு நேரம் எங்கே? சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, படுக்கும் முன் கிடைக்கும் கால் மணி நேரத்துக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் பொருந்தும். ஒரு கதை இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். கி.ரா. இடைசெவலில் பிறந்தவர் என்றாலும், 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 2021-இல் மறையும்வரை புதுச்சேரியில்தான் வாழ்ந்தார். வரலாற்றில் ஆர்வமுள்ள இளைஞருக்கு, 1752-இல் இதே பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரைச் சொல்லி, அங்கிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புக்கும், அந்தக் காலத்தை நாவலாக்கி 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நூலுக்கும் கூட்டிப்போகலாம். 'அசுரன்' படத்தை நான்கு முறை பார்த்தவனிடம் பூமணியின் 'வெக்கை'யை நீட்டினால் போதும், வேறு சிபாரிசு தேவையில்லை. எதுவும் படிக்க மாட்டேன் என்கிற ஆறாம் வகுப்புப் பையனுக்கு முத்து காமிக்ஸ். கண் மங்கிய பாட்டிக்கு எழுத்து பெரிதாக இருப்பதே முதல் தகுதி, மற்றதெல்லாம் பிறகுதான்.

தமிழில் நூல் பரிந்துரைக்குப் பஞ்சமில்லையே, க. நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' எழுதிய காலத்திலிருந்து பட்டியல்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன என்று கேட்கலாம். உண்மை. க.நா.சு. தொடங்கி, சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள் என்று விமர்சகர்களும் எழுத்தாளர்களும் போட்ட பட்டியல்களால் ஒரு தலைமுறையே நல்ல இலக்கியத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கடன் பெரியது. ஆனால் அந்தப் பட்டியல்கள் எல்லாம் எது சிறந்தது என்ற கேள்விக்கான பதில்கள். யாருக்கு, எப்போது என்ற கேள்வி அவற்றில் எழவே இல்லை. சிறந்த நூல் வேறு, பொருந்தும் நூல் வேறு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' தமிழின் முக்கியமான நாவல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை ஒருவரின் முதல் நாவலாகக் கொடுத்தால், அவர் எழுபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு 'எனக்கு இலக்கியம் வராது' என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்வார். இந்தப் பழிதான் ஆபத்தானது. பிடிக்காத சினிமாவைப் பார்த்தவர் படத்தைத் திட்டுகிறார். பிடிக்காத புத்தகத்தை எடுத்தவர் தன்னைத் திட்டிக்கொள்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-இல் வாசகருக்கென்று பத்து உரிமைகளை வகுத்தார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை என்று அது போகும். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது தற்செயல் இல்லை. பாடப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தே ஆக வேண்டும் என்று பழகிய பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தையும் அப்படியே நீட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிராமத்துக்காரருக்குப் படிப்பதில் ஆர்வமே இல்லை, நூலகத்துக்கு வருபவர்களும் நாளிதழுக்கும் போட்டித் தேர்வுக்கும்தான் வருகிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை என்று 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்றன. மங்கிய விளக்கில் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்காகவே அந்த அச்சு. ஒருவர் படிக்க, திண்ணை நிறையக் கேட்டார்கள். பிறகு வாடகை நூல் நிலையங்கள் வந்தன. எண்பதுகளில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படித்தவர்களில் கிராமத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேருந்து நிலையக் கடைக்காரரும் சொல்வார். இந்த மூன்றிலும் பொதுவாக இருந்தது என்ன? வாங்குபவரின் நேரம், காசு, கண்பார்வை, ரசனை ஆகிய நான்கையும் பதிப்பித்தவர் கணக்கில் எடுத்திருந்தார். சந்தைக்காரருக்குத் தெரிந்திருந்த விஷயம் அரசு நூலகத்துக்குத் தெரியாமல் போனது ஏன்? போட்டித் தேர்வுக்கு வருபவர்களையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். தினமும் நூலகப் படியேறும் பட்டதாரிகள் அவர்கள். நாள் முழுக்க நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்து களைத்துப்போனவரிடம், வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பை நீட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை என்பதுதான் குறை.

இதற்கெல்லாம் ஆள் எதற்கு, செல்பேசியில் கேட்டால் நொடியில் சொல்லுமே என்பது இன்றைய மறுப்பு. நூல்கள் கைக்கு வந்துவிட்டன என்பது சரிதான். 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இலவசமாக ஏற்றி வருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன் என்று நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களை ஒரு ரூபாய் செலவில்லாமல் குருவிநத்தத்தில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் நூல் கைக்கு வருவதும் மனத்துக்கு வருவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஏற்பாடே சான்று. இவ்வளவும் திறந்து கிடந்தும், யாரும் எடுத்துச் சொல்லாமல் அதைத் தேடிப் போகிறவர்கள் ஏற்கெனவே வாசகர்களானவர்கள் மட்டுமே. விற்பனைத் தளங்களின் சிபாரிசு இன்னும் குறுகலானது. இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற கணக்கில் நடப்பது அது. பாகூர்ப் பக்கத்துப் பெண் எதையும் வாங்கியதில்லை, அதனால் அந்தக் கணக்கில் அவள் இல்லை. 'பொன்னியின் செல்வன்' படம் வந்த 2022-இல் எல்லோருக்கும் அந்த நாவலே முன்னால் வந்து நின்றது. அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், படிப்பவர்கள் கூடினார்கள். அதை முடித்துவிட்டு 'அடுத்து என்ன?' என்று நின்றவரிடம், உங்களுக்கு அதில் பிடித்தது சண்டையா, சூழ்ச்சியா, நந்தினியா, வீராணம் ஏரியா என்று கேட்க ஒருவர் வேண்டும். நான்கு பதில்களுக்கும் அடுத்த நூல் வேறு வேறு.

யோசிக்க வைக்கும் மறுப்பு இன்னொன்று உண்டு. பிடித்ததையே கொடுத்துக்கொண்டிருந்தால் ரசனை எப்படி வளரும், வாசகரை உயர்த்த வேண்டாமா என்று கேட்கிறார்கள். கூலி வேலைக்காரருக்கு அவர் ஊர்க்கதையை மட்டும் கொடுப்பது அவரை அந்த ஊருக்குள்ளேயே அடைப்பதாகாதா என்பது இதன் இன்னொரு வடிவம், அதில் நியாயம் இருக்கிறது. பாகூர் விவசாயிக்கு டால்ஸ்டாய் புரியாது என்று யாராவது சொன்னால் அது அவமதிப்பு. நிலத்தாசையைப் பற்றிய டால்ஸ்டாயின் கதைகளை அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்பவர் யார்? ஊர்க்கதை தொடங்குவதற்கு எளிதான வாசல் என்பதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வந்தவரை அடுத்த அறைக்கு அழைத்துப்போகத்தான் வேண்டும், ஆனால் முதலில் அவர் உள்ளே வர வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கான சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வயதையோ வகுப்பையோ வைத்துப் பிரிக்காமல் படிக்கும் திறனை வைத்துப் பிரித்ததுதான் அதன் சிறப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளை வெட்கப்படாமல் 'நுழை'யில் தொடங்கலாம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட நிலையில், இங்கே பிள்ளைகளின் தமிழ் வாசிப்பு பாடப் புத்தகத்துக்கு வெளியேதான் வளர வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் அச்சான அந்த நூல்களை வாங்கி இந்தப் பக்கத்துக் கிளை நூலகங்களில் வைக்கப் பெரிய செலவும் ஆகாது.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கிளை நூலகப் பணியாளரை வருகைப் பதிவேடு எழுதுபவராக மட்டும் வைத்திருப்பதை நிறுத்தி, வாசகரிடம் பேசுபவராகப் பயிற்சி கொடுக்க வேண்டும். கடைசியாக உங்களுக்குப் பிடித்த கதை எது (சினிமாவாக இருந்தாலும் சரி, பாட்டி சொன்னதாக இருந்தாலும் சரி), இப்போது சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்டாலே போதும். மெய்ப்பாடு எட்டு என்று நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகையை வகுத்துவைத்தது தொல்காப்பியம். அந்த எட்டு வண்ணத்தில் அட்டைத் துண்டு ஒட்டினால் 894.811 என்ற சுவருக்குக் கதவு திறந்துவிடும். புத்தகத்தின் பின்னட்டையில் திருப்பித் தர வேண்டிய தேதியைக் குறிக்கும் சீட்டு ஒட்டியிருக்கும். தேதி நிறைந்த சீட்டு எது, ஒரு முத்திரைகூட விழாத சீட்டு எது என்று வருடத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே ஊரின் ரசனை தெரிந்துவிடும். ஐந்து வருடம் யாரும் தொடாத நூலை வில்லியனூருக்கோ திருக்கனூருக்கோ அனுப்பி, அங்கே தூங்கும் நூலை இங்கே வாங்கலாம். அதற்கான வாசகர் அங்கே இருக்கக்கூடும் என்பதுதானே மூன்றாம் விதி.

பணம்? 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தபோது சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது, தமிழ்நாட்டில் அது இன்றும் தொடர்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயைத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாகூர்ச் செப்பேடு அதைப் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கல்வி அன்று எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. இன்றைய கிளை நூலகத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதற்குக் கேட்பதோ பயிற்சி பெற்ற ஓர் ஆளும், புத்தகங்களை ஊர் மாற்ற மாதம் ஒருமுறை ஒரு வேனும்தான். அடுத்த நிதிநிலை அறிக்கையில் புதிய நூலகக் கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து ஒரு பகுதியை இதற்கு மாற்றி, பாகூர் கொம்யூனில் ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். ஆண்டு முடிவில் அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: முதல் புத்தகத்தைத் திருப்பித் தந்தவர்களில் இரண்டாவது புத்தகம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்?